கோவலன் பக்கம் நிற்க வைப்பதற்கு: குறையுள்ள நாயகனை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் கதை எழுதத் தொடங்குகிற இளைய ஆட்கள் என்னிடம் கொண்டு வருகிற பிரதிகளில், நல்லவன் ஒருவன் நாயகனாக வருவது இப்போது அருமையாகிவிட்டது. இரவில் ஆற்று மணல் அள்ளி விற்கிறவன், சீட்டுப் பிடித்து ஊர்ப்பணத்தோடு தலைமறைவாகிறவன், கட்டாருக்கு அனுப்புகிறேன் என்று சனத்தின் பாஸ்போட்டை வாங்கி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறவன், இப்படிப்பட்டவர்கள்தான் கதையின் நடுவில் நிற்கிறார்கள். எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. இந்த ஆட்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம், பழகுகிறோம், கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுகிறோம். அவர்களை விட்டுவிட்டு இந்த ஊரை எழுத ஏலாது.

ஆனால் பிழைகள் ஒரே மாதிரி வருகின்றன. என்னுடைய ஆரம்பக் கதைகளிலும் இவை இருந்தன, அதனால்தான் இவ்வளவு விரைவாகக் கண்ணில் படுகின்றன. ஒற்றுப் பிழை, தேவைக்கு மீறிய வர்ணனை, முதல் வரியிலேயே மழை பெய்வது போன்றவற்றை நான் இங்கே எடுக்கவில்லை. அவற்றைத் திருத்திக் கொடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குறையுள்ள நாயகனுக்கென்றே உள்ள பிழைகளை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒன்றைப் பற்றிக் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

இதைப் புது நாகரிகம் என்று நினைப்பது

"இப்ப இப்பிடித்தான் ரீச்சர், நெகட்டிவ் ஹீரோதான் எடுபடும்" என்று ஒரு தம்பி சொன்னார். வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்து வந்த யோசனை அது. அந்த யோசனையோடு தொடங்குகிறவர்களின் நாயகன் கடைசிவரை இந்த மண்ணில் கால் வைப்பதில்லை. அவன் நடை, பேச்சு, கோபம் எல்லாமே எங்கேயோ பார்த்ததாக இருக்கும்.

எங்கள் சனத்துக்கு இந்த ருசி மிகப் பழையது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டு போனபோது எடுத்துக்கொண்ட நாடகங்களைப் பாருங்கள்: கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தவன், கள்ளன், அடுத்தவன் மனைவியைத் தூக்கி வந்தவன், தம்பியின் மனைவியைப் பறித்தவன். நடுவில் நிற்கிறவர்களில் ஒருவன்கூடச் சுத்தமானவன் இல்லை. இராவணேசனை எழுதியவர் அப்போது அங்கே மாணவராக இருந்த மட்டக்களப்பார் சி. மௌனகுரு. சின்ன வயதிலிருந்து கூத்துக் களரி பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இது அதிசயமாகத் தெரிந்திருக்காது. வடமோடி என்ற கூத்து வகையில் துரியோதனனுக்கும் அரசனுக்குரிய முடி உண்டு, களரிக்குள் ஆடி நுழைகிற அரசனுக்குரிய வரவு உண்டு. மத்தளம் அவனுக்காகவும் அதிரும்.

இதைவிடத் தெளிவான சாட்சி கொம்புமுறி. கண்ணகை அம்மனை வேண்டி எங்கள் ஊர்களில் ஆடப்பட்ட விளையாட்டு அது. ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கண்ணகி பக்கம், மறுபாதி கோவலன் பக்கம். யார் எந்தப் பக்கம் என்பது பரம்பரையாக வருவது. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். கோவலன் பக்கத்தார் விட்டுக்கொடுத்து இழுப்பதில்லை. முழுப் பலத்தோடு இழுப்பார்கள், வென்றால் மற்றப் பக்கத்தைப் பாட்டாலேயே வைது தீர்ப்பார்கள். அவன் மனைவியை விட்டுப் போனவன் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவன் வடத்தைப் பிடித்தார்கள். குறையுள்ள நாயகனை எழுதுகிறவர் வாசகரைக் கொண்டு போய் நிறுத்த வேண்டிய இடம் இதுதான்: அவன் செய்தது பிழை என்று தெரிகிறது, ஆனாலும் வடத்தை விட மனம் வரவில்லை.

கூடப் போவதையும் பக்கம் நிற்பதையும் ஒன்றென்று எண்ணுவது

சினிமா ஆய்வாளர் மரே சிமித் இதை நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒரு பாத்திரத்தோடு கூடவே போவது ஒன்று. அவன் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம், அவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிகிறது. அவனை மனத்தால் ஏற்று அவன் பக்கம் சேர்வது இன்னொன்று. முதலாவதைக் கதை சொல்கிற முறையாலேயே உண்டாக்கிவிடலாம். இரண்டாவதை வாசகர்தான் தர வேண்டும், பிடுங்கி எடுக்க முடியாது.

'நான்' என்று தன்மையில் எழுதிவிட்டால் வாசகர் தம் பக்கம் வந்துவிட்டார் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பிறகு அந்த 'நான்' பக்கத்துக்குப் பக்கம் வழக்காடத் தொடங்கிவிடுகிறான். "நான் வேறென்ன செய்திருக்க முடியும்?" "இந்த உலகம் எனக்கு என்ன தந்தது?" இந்த வரிகளைக் கண்டால் நான் சிவப்புப் பேனையை எடுத்துவிடுவேன்.

நொண்டி நாடகம் என்ற பழைய நாடக வகையில் கள்ளனே தன் கதையைச் சொல்கிறான். தாசியிடம் எல்லாவற்றையும் இழந்தது, குதிரை திருடப் போனது, பிடிபட்டது, கால் வெட்டுண்டது, இறைவனை வேண்டி அது திரும்ப வளர்ந்தது என்று எல்லாம் அவன் வாயால் வருகின்றன. தன்னை நல்லவன் என்று நிரூபிக்க அவன் மெனக்கெடுவதில்லை. தன் களவின் கெட்டித்தனத்தைச் சொல்கிறான். கேட்கிறவர் 'ஐயோ, பிடிபடப் போகிறானே' என்று பதைக்கிறார். அந்தப் பதைப்பு வந்த பிறகு வழக்காடத் தேவையே இல்லை.

குடியும் தாடியும்

அவன் குடிப்பதால் கதையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றால், போத்தலை எடுத்து வெளியே வையுங்கள்.

சின்ன வயதுக் காயத்தைக் காட்டி மன்னிப்பு வாங்குவது

இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடும்: அடிக்கிற தகப்பன், ஒழுகுகிற ஓலைக்கூரை, பள்ளிக்கூடத்தில் பசியோடு இருந்தது. அதற்குப் பிறகு அவன் யாருக்கு என்ன செய்தாலும் அந்த ஓலைக்கூரை வந்து முன்னால் நின்று மறைக்கும்.

இப்படி எழுதுகிறவர்கள் கர்ணனைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். ஆற்றில் விடப்பட்ட பிள்ளை, தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், நிறைந்த சபையில் குலம் கேட்கப்பட்டுத் தலைகுனிந்தவன். சரி. அதே கர்ணன்தான் சூதாட்ட மண்டபத்தில் திரௌபதையை வேசி என்று சொன்னான், உடையைக் களையச் சொன்னான். பாரதம் இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்கவில்லை. பிறப்பில் பட்ட காயம் அவன் ஏன் துரியோதனனை விட்டு வரமாட்டான் என்பதைச் சொல்கிறது. மண்டபத்தில் அவன் வாய் திறந்ததற்கு அது போதாது. வியாச பாரதத்தில் பின்னர் கண்ணனிடம், துரியோதனனைச் சந்தோசப்படுத்தப் பாண்டவரைப் பார்த்துச் சொன்ன கடுஞ்சொற்களை நினைத்து வேகிறேன் என்று கர்ணனே சொல்கிறான். தன் பிறப்பை அங்கே அவன் சாட்டாக எடுப்பதில்லை.

காயத்தை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே தகப்பனிடம் அடி வாங்கி, அதே ஒழுகுகிற கூரைக்குக் கீழே வளர்ந்து, வேறு மாதிரி ஆன அக்கா ஒருத்தியையும் கதைக்குள் கொண்டு வாருங்கள். அவள் ஒரு காட்சியில் வந்து போனாலே போதும். காயம் தன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அடிபட்டவரைக் கதைக்கு வெளியே அனுப்புவது

நான் விரிவாகச் சொல்ல வந்தது இதைத்தான். மற்றப் பிழைகள் கதையைப் பலவீனமாக்கும், இது கொன்றுவிடும். எத்தனை தரம் சொன்னாலும் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தரமும் எனக்குக் கோபம் வருகிறது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைத் தம்பி ஒருவர் ஒரு கதை கொண்டு வந்தார். நாயகன் நுண்கடன் கம்பனி ஒன்றுக்குக் கிழமைக் காசு அறவிடுகிறவன். குருமண்வெளியில் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற மிதவையில்) மோட்டார்சைக்கிளை ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் இறங்கி, ஊர் ஊராகப் போகிறான். பெண்கள் குழுவாகக் கூடியிருக்கும் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காசை வாங்கிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கிறான். சில புத்தகங்களில் வாங்கியதைவிடக் குறைத்து எழுதுகிறான். மிச்சம் சட்டைப் பைக்குள் போகிறது. அவனுக்கும் கடன் இருக்கிறது, தங்கச்சியின் கலியாணம் இருக்கிறது. திரும்பி வரும்போது, பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருக்க, அவன் அந்தக் காசை எண்ணுகிற காட்சி ஒன்று இருந்தது. வியர்த்த விரலில் தாள்கள் ஒட்டுகின்றன. பக்கத்தில் மீன் பெட்டியோடு நிற்கிற வியாபாரி, பார்த்தும் பார்க்காதவர்போல முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புகிறார். அந்த இடத்தை வாசித்தபோது, இவருக்கு எழுத்து வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஏமாற்றப்பட்ட பெண்கள் எங்கே? "சில பெண்களின் புத்தகங்களில் அவன் குறைத்து எழுதினான்." ஒரே ஒரு வரி. கதை முழுக்க அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை, முகம் இல்லை.

"தம்பி, குறைச்சு எழுதின புத்தகம் ஆருட?" என்று கேட்டேன்.

"ஒரு அக்காட, ரீச்சர்."

"அவ என்னத்துக்குக் கடன் எடுத்தவ?"

"தையல் மெசின் வாங்க."

யோசிக்காமல் பதில் வந்தது. அவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும், பக்கத்து வளவு. எந்த நேரத்தில் மெசின் சத்தம் கேட்கும், எந்த நேரத்தில் நிற்கும் என்பதுவரை தெரியும். அவ்வளவு தெரிந்தும் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஏன் என்றேன். இதற்கு முன்னரும் பலரின் வாயால் கேட்ட பதில்தான்: "அவவ உள்ளுக்குக் கொண்டு வந்தா வாசிக்கிற ஆக்கள் ஹீரோவ வெறுத்திருவாங்க."

எல்லாம் இந்தப் பயத்தில் இருந்துதான் தொடங்குகிறது. நாயகனை வாசகரின் வெறுப்பில் இருந்து காப்பாற்ற, அவன் கெடுத்தவரை மறைத்துவிடுவது. இதற்குப் புதியவர்கள் கையாளுகிற வழிகள் சில உண்டு. ஒன்று, மேலே சொன்னதுபோல் அவர்களைக் கூட்டமாக்கிவிடுவது. 'சனங்கள்', 'சிலர்', 'ஊரார்' என்று எழுதிவிட்டால் ஒருவருக்கும் வலிக்காது. இன்னொன்று, அடிபட்டவரை நாயகனைவிடக் கெட்டவராக்குவது. சீட்டுக் காசோடு ஓடுகிறவனின் கதை ஒன்றில், சீட்டுப் போட்டிருந்த அத்தனை பேரும் வட்டிக்கு விட்டு ஊரை உறிஞ்சுகிறவர்களாக இருந்தார்கள். இடியப்பம் அவித்து விற்றுச் சீட்டுக் கட்டுகிற ஒருத்திகூட அந்த ஊரில் இல்லை. அப்படி ஒரு ஊர் கல்லடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் தேடினாலும் கிடைக்காது. வேறு சிலர், அடிபட்டவரை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிடுவார்கள், பிறகு கணக்குக் கேட்க ஆள் இருக்காது. எனக்கு ஆகவே ஆகாதது கடைசிப் பக்கத்தில் நடப்பது. அதுவரை எங்கேயும் காணப்படாத பெண் திடீரென்று வந்து, "நீ நல்லவன்தான் மனே, காலம்தான் பிழை" என்று அவன் தலையைத் தடவுவாள். அந்த ஒரு வசனத்துக்காக மட்டுமே அவளைக் கதைக்குள் கூப்பிட்டிருப்பார்கள்.

உளவியலாளர் அல்பர்ட் பந்துரா, தம்மை நல்லவர் என்று நம்பிக்கொண்டே மனிதர் எப்படிக் கெடுதி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். செய்ததற்கு மெல்லிய பெயர் வைப்பது, இதைவிடப் பெரிய அநியாயத்தோடு ஒப்பிட்டுச் சின்னதாக்குவது, பொறுப்பை மேலே உள்ளவர் தலையில் போடுவது, விளைவைப் பார்க்காமல் கண்ணைத் திருப்புவது, பாதிக்கப்பட்டவரையே குற்றம் சொல்வது, அவரை ஒரு மனிதராகவே எண்ணாமல் விடுவது என்று அவர் அந்த வழிகளை வரிசைப்படுத்தினார். இவை நாயகனின் மனத்துக்குள் நடந்தால் அருமையான கதை. அவன் தன்னை எப்படி ஏமாற்றிக்கொள்கிறான் என்று வாசகர் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு கட்டத்தில் தன்னையும் அங்கே காண்பார். எழுதுகிறவரே நாயகனோடு சேர்ந்து கண்ணைத் திருப்பிவிட்டால் அங்கே பார்ப்பதற்கு ஆள் இல்லை. நான் எடுத்துக் காட்டிய பிரதிகளையும் பந்துராவின் வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டமாக்குவதும் கெட்டவராக்குவதும் அப்படியே அதில் இருக்கின்றன.

இதைச் சரியாகச் செய்ய எங்கே போய்ப் படிப்பது என்று கேட்கிறவர்களுக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துக் கொடுக்கிறேன். மதுரைப் புறத்தில் ஆயர் வீடு. கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தில் பரிமாறுகிறாள். கோவலன் சாப்பிட்டு முடிகிறான். வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அப்போதுதான் அவன் வாய் திறக்கிறான்: வீணரோடு கூடிக் கெட்டேன், தாய் தகப்பன் சொல் கேட்கவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன். நம் புதியவர்கள் எழுதியிருந்தால் கண்ணகி இந்த இடத்தில் அழுது அவன் காலில் விழுந்திருப்பாள். இளங்கோவின் கண்ணகி பதில் சொல்கிறாள். நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரை வரவேற்கும் பேற்றை இழந்தேன், மாமனும் மாமியும் வந்தபோது என் பொய்ச் சிரிப்பைப் பார்த்து அவர்கள் உள்ளம் வருந்தினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். பெரியோர் போற்றாத நடத்தையைச் செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே, மரியாதை குறையாமல், அவனுக்குச் சோறு போட்ட அதே கையோடு. இதைக் கேட்ட பிறகு வாசகர் கோவலனை வெறுக்கிறாரா? அடுத்த நாழிகையில் அவன் வெட்டுப்படும்போது நெஞ்சு பதறுகிறது. அவள் பேசியதால்தான் அவன் செத்தது பாரமாகிறது.

இந்தக் கரையில் இருந்து எழுதுகிற எங்களுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், மகிழடித்தீவு என்று ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் இருக்கிறாள். வைகாசியில் கதவு திறந்து, அவள் கதையைச் சொல்கிற வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி அவளைக் குளிரப்பண்ணுகிறோம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்கு 18 நாள் விழா எடுத்துத் தீ மிதிக்கிறோம். கொம்பு இழுக்கும்போது கோவலன் பக்கம் நின்றவர்களும் கும்பிடப் போனது கண்ணகியைத்தான். கூத்தில் கர்ணனுக்காக அழுதவர்களும் நேர்த்தி வைப்பது திரௌபதையிடம்தான். அநியாயம் செய்யப்பட்டவளுக்குக் கோயில், செய்தவனுக்குக் களரியில் ஒரு வரவு. இரண்டையும் இந்தச் சனம் ஒரே நெஞ்சில் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வாசகரிடம் போய், அவளைக் காட்டினால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று ஒளித்து வைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவது. காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வீதியோரத்தில் இருந்த தாய்மாரின் ஊர் இது. கணக்குக் கேட்க ஆள் இல்லாத கதையை அவர்கள் பிள்ளைகள் ஏன் வாசிக்க வேண்டும்?

அந்தத் தம்பி திருத்தி எழுதினார், ஒரே மூச்சில் இல்லை. முதலில் அக்காவுக்குப் பெயர் வைத்து ஒரு பந்தி அழுகை எழுதிக்கொண்டு வந்தார். அழுகை வேண்டாம், அவ என்ன செய்வா என்று எழுதுங்கள் என்றேன். பிறகு வந்ததுதான் சரியாக இருந்தது. அக்கா தான் கட்டுகிற காசைக் கிழமைக்குக் கிழமை மகளின் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறா. கூட்டம் நடக்கிற வீட்டில், தன் முறை வரும்போது, காசுக்கு முன்னால் அந்தக் கொப்பியை நீட்டுகிறா. அவன் வாங்கிப் பிடித்த விதத்தில் கொப்பி மறுபக்கமாகத் திறக்கிறது. பிள்ளையின் கூட்டல் கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆசிரியை போட்ட சரி. தாள் தாளாகப் புரட்டி அவன் கடைசித் தாளுக்கு வர வேண்டியிருக்கிறது. குழுவில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒன்றும் பேசாமல் அந்தக் கிழமைக் காசை வாங்கி, இந்த முறை சரியாக எழுதி, பேனையை மூட மறந்து பையில் வைக்கிறான். சட்டைப் பையில் மை பரவுகிறது.

கதை வாசிக்கப்பட்ட அன்று அங்கே இருந்த இளைய ஆட்கள் இரண்டு பட்டார்கள். அவன் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், சொன்னால் தங்கச்சியின் கதி என்ன என்று ஒரு பக்கம். முந்திய பிரதியை வாசித்தபோது ஒருவரும் வாயே திறக்கவில்லை.

நல்ல செயல்களை முதலிலேயே கொட்டிவிடுவது

வயோதிபரை வீதி கடக்க வைக்கிறான், நாய்க்குச் சோறு வைக்கிறான், பிறகு கொள்ளையடிக்கிறான். வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார், தனக்கு லஞ்சம் தருகிறார்கள் என்று.

கோவலனின் நற்செயல்கள் எங்கே வருகின்றன? கொலைக்களக் காதைக்கு ஒரு காதை முந்தி, அடைக்கலக் காதையில். அதுவரை நாங்கள் பார்த்தது பொருளைத் தொலைத்து, மனைவியின் சிலம்போடு ஊர்விட்டு வந்த ஒருவனை. அந்தக் கட்டத்தில் மாடலன் என்ற மறையவன் வந்து பழையதைச் சொல்கிறான். யானையின் கையில் அகப்பட்ட முதியவரைப் பாய்ந்து மீட்டது, கீரியைக் கொன்றதால் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணின் துயர் தீர்த்தது, பொய்ச்சாட்சி சொல்லிப் பூதத்திடம் அகப்பட்டவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்து, பிறகு அவன் குடும்பத்தைத் தாங்கியது. கோவலன் தன் வாயால் இவற்றைச் சொல்வதில்லை. இன்னும் ஒன்று கவனியுங்கள்: யானைச் சம்பவம் மணிமேகலைக்குப் பெயர் வைத்த நாளில் நடந்தது. கண்ணகியைத் தனியே விட்டிருந்த அதே காலம். ஒரே ஆள், ஒரே நாட்கள். வீட்டில் அந்தப் பிழை நடந்துகொண்டிருக்க, வெளியே இந்தத் துணிச்சல். முன்னுக்குக் கொட்டியிருந்தால் இந்தக் கனம் வந்திராது.

கெட்டவன் மட்டும் ஊர்ப்பேச்சு பேசுவது

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரீச்சர், டொக்டர், நல்ல மருமகள் எல்லோரும் நூல் தமிழ் பேசுவார்கள். மணல் கள்ளன் மட்டும் "என்னகா", "மறுகா", "போகா" என்பான். எங்கள் பேச்சைக் கள்ளனுக்கு உரிய உடுப்பாக்கிவிட்டீர்கள் என்று சொன்னால் அதிர்ந்து போகிறார்கள். வேண்டுமென்று செய்ததில்லை, தெரியும். கதையில் உள்ள எல்லோருக்கும் அந்தப் பேச்சைக் கொடுங்கள், அல்லது ஒருவருக்கும் வேண்டாம்.

கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுக் கெட்டித்தனத்தைக் காட்டாமல் விடுவது

வாசகரைக் கட்டிப்போடுவதில் பாதி வேலையை அவனுடைய தொழில் செய்யும். ஒரு மணல் கதையில் 'அவன் பொலிசின் கண்ணில் மண் தூவினான்' என்று மட்டும் இருந்தது. எப்படித் தூவினான்? ஒரு பெர்மிட்டை வைத்து எத்தனை டிப்பர் ஓட்டினான், எந்த நேரத்தில் லைட்டை அணைத்தான், எந்தப் பெட்டிக்கடைக்காரர் போன் அடித்துச் சொன்னார்? தெரியாவிட்டால் போய் விசாரியுங்கள். விசாரிக்கப் போனால் ஆற்றங்கரை இடிந்து தென்னை சாய்ந்த வளவுக்காரரையும் சந்திப்பீர்கள், அவரும் கதைக்குள் வந்துவிடுவார்.

துப்பாக்கி

இங்கே அது அலங்காரப் பொருளாகாது. யார் கையில் இருந்தது, யார் வீட்டு வாசலில் நின்றது என்று எழுதத் துணிவில்லாவிட்டால் கதைக்குள் கொண்டு வராதீர்கள்.

செய்த பிழைக்கு அளந்து தண்டனை கொடுப்பது

ஏமாற்றியவன் ஏமாறுகிறான், கொள்ளையடித்தவன் கொள்ளை போகிறான், மனைவியை விட்டவன் ஆஸ்பத்திரியில் தனியே கிடந்து சாகிறான். கணக்கு நேராகிறது, வாசகர் புத்தகத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறார்.

கோவலன் செய்த பிழை ஒன்று, வெட்டுப்பட்டது இன்னொன்றுக்காக. சிலம்பை அவன் திருடவில்லை. கண்ணகிக்கு அவன் பட்ட கடன் அப்படியே நிற்க, செய்யாத களவுக்குத் தலை போகிறது. யாருக்கு அவன் கடன்பட்டிருந்தானோ அவளே எழுந்து, என் கணவன் கள்வன் அல்லன் என்று அரச சபைக்குப் போகிறாள். அவனுக்காகப் பேச வேறு ஒருவரும் இல்லை. நல்லவன் ஒருவன் நாயகனாக இருந்திருந்தால் இந்த முடிச்சே விழுந்திருக்காது.

நுண்கடன் கதையின் முடிவைப் பற்றியும் இதைத்தான் பேசினோம். முதல் பிரதியில் கம்பனி அவனைக் கையும் களவுமாகப் பிடித்துப் பொலிசில் கொடுத்தது. இப்போதைய பிரதியிலும் கம்பனி பிடிக்கிறது. ஆனால் அவன் எடுத்ததைவிடப் பல மடங்கு தொகை அவன் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, மிச்சம் மேலே உள்ள ஒருவர் எடுத்தது. அவன் உண்மையில் எவ்வளவு எடுத்தான் என்பதைக் காட்டக்கூடியது அக்காவின் கொப்பியில் உள்ள பென்சில் குறிப்பு மட்டும்தான். அவனுடைய தாய் அந்த வீட்டுப் படலையில் வந்து நிற்கிறா. அக்கா கொப்பியைக் கொடுப்பாவா, மாட்டாவா என்பதைத் தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.